ஷில்பா குப்தா

ஷில்பா குப்தா (பிறப்பு: 1976) மும்பையில் வாழும் இந்தியக் காட்சிக் கலைஞர். மும்பை சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் சிற்பக்கலை பயின்று 1997-இல் பட்டம் பெற்றார். கேமரா, கணினி, ஒலிவாங்கி முதலிய கருவிகளைக் கொண்டு, பார்வையாளரும் பங்கேற்கும் படைப்புகளை உருவாக்கி வருகிறார்.

நிழல் வரிசை

2006, 2007 ஆண்டுகளில் இவ்வரிசையில் மூன்று படைப்புகள் உருவாயின. பார்வையாளரின் உருவத்தைக் கேமரா பதிவு செய்கிறது. கணினி அதனை நிழலாக்கி உடனுக்குடன் திரையில் காட்டுகிறது. மூன்றாவது படைப்பில், பல பொருட்களின் நிழல்கள் மேலிருந்து இறங்கி வந்து பார்வையாளரின் நிழலோடு ஒட்டிக்கொள்கின்றன. வெறுமனே பார்க்க வந்தவரும் சுமை தாங்குபவராகிவிடுகிறார்.

நூறு கவிஞர்களின் குரல்

'ஃபார், இன் யுவர் டங், ஐ கெனாட் ஃபிட்' (2017–18) இவரது புகழ்பெற்ற ஒலிப்படைப்பு. 'உன் மொழிக்குள் நான் அடங்கேன்' என இதன் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். எட்டாம் நூற்றாண்டு முதல் இன்று வரை, எழுத்துக்காகவோ அரசியல் நிலைப்பாட்டுக்காகவோ சிறைப்பட்ட 100 கவிஞர்களின் வரிகள் இதில் ஒலிக்கின்றன. 100 இரும்புக் கம்பிகளில் கவிதைத் தாள்கள் குத்தப்பட்டிருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஓர் ஒலிவாங்கி தொங்கும். ஒன்றிலிருந்து எழும் குரலை மற்றவை சேர்ந்து எதிரொலிக்கும்.

ஒலிவாங்கி ஒலியை மின்குறிப்பாக மாற்றும். ஒலிபெருக்கி மின்குறிப்பை ஒலியாக்கும். இங்கு இணைப்பு மாற்றப்பட்டு, குரலை வாங்கும் கருவியே பேசுகிறது. அடக்கப்பட்ட குரல் மீண்டும் எழுவதை இம்மாற்றம் உணர்த்துகிறது.

இப்படைப்பு கொச்சி (2018), வெனிஸ் (2019) ஈராண்டுக் கலைவிழாக்களிலும், 2021-இல் லண்டன் பார்பிகன் மையத்திலும் இடம்பெற்றது.