வீட்டுத் தோட்டத்தில் மஞ்சட் கறிமிளகாய்

மெழுகு பூசினாற்போல மினுங்கும் இளமஞ்சட் கறிமிளகாயை நெடுக்காகக் கீறி, மீனும் உருளைக்கிழங்கும் அடைத்துப் பொரிப்பதை விரும்பாத வீடு அரிது. 'ஹங்கேரியன் யெலோ வக்ஸ்' என வழங்கும் இவ்வினத்தின் பத்துச் செடிகள் ஒரு குடும்பத்தின் கறிக்குப் போதும். ஆனால், அப்பத்துச் செடிகளும் காய் பிடிக்குந் தறுவாயிலே ஒன்றன்பின் ஒன்றாக வாடி மடிவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர்.

இதற்குப் பெருங்காரணம் மண்ணில் வாழும் ஒருவகைப் பற்றீரியாவாகும். இலைகள் பச்சையாக இருக்கும்போதே நண்பகலிற் செடி துவளும், மாலையில் நிமிரும், சில நாட்களின் பின் நிமிராது. நீர் போதாதென எண்ணி மேலும் மேலும் இறைப்பவர் நோயை அயற்செடிகளுக்கும் அனுப்புகின்றனர். ஐயமாயின், வாடிய செடியின் அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுவாய் நீரில் அமிழுமாறு பிடித்தல் வேண்டும். சில நிமிடங்களிற் பால்போன்ற வெண்ணூல் இறங்குமாயின் இந்நோயே. இறங்காவிடின் வேரழுகல் முதலிய வேறு காரணங்களைத் தேடுக.

நோய் கண்ட செடியைக் காக்கும் மருந்து இல்லை. அதனை வேரோடு பிடுங்கி எரித்தல் வேண்டும். கூட்டெருக் குழியில் இடலாகாது. ஆகவே நடுமுன் இடத்தைத் தெரிவதே முதன்மையான காரியம். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு யாவும் கறிமிளகாயின் இனத்தன. முந்திய போகங்களில் அவை நின்ற பாத்தியைத் தவிர்த்து, வெங்காயமோ சோளமோ நின்ற இடத்தை எடுத்தல் நன்று. நெற்செய்கையின்போது நீர் தேங்கி நின்ற வயலில் இக்கிருமி குன்றும். அறுவடையின் பின் வடிகால் வெட்டி மேட்டுப்பாத்தி அமைப்பவருக்கு இது வாய்ப்பான நிலம். வளவு முழுவதும் நோய்பட்டதாயின், புதுமண்ணும் உக்கிய எருவும் நிரப்பிய சாக்குகளில் நடலாம்.

நாற்றுமேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தபின் விதைத்தால் நாற்றழுகல் குறையும். விதையைக் கால் அங்குல ஆழத்தில் இட்டு மெல்லிய வைக்கோலால் மூடுக. நான்கு அல்லது ஐந்து கிழமை நாற்றை, ஒன்றரை அடிக்கு ஒன்றாக, மாலைவேளையில் நடுதல் வேண்டும். நட்டு ஏறத்தாழ இரண்டு மாதத்திற் காய் பறிக்கலாம்.

இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சியும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியும் காரணமாகும். இரண்டும் ஒன்றல்ல, ஒன்றின் மருந்து மற்றதற்கு உதவாமற் போகலாம். எதனையும் தெளிக்குமுன் விவசாயப் போதனாசிரியரிடம் சுருண்ட இலையைக் காட்டுதல் தகும்.

காயை இளமஞ்சளாக இருக்கையிலேயே பறித்துவர, செடி மேலும் பூக்கும். விதைக்கென நல்ல செடியொன்றிற் சில காய்களைச் செம்பழமாக விடுக. அருகில் மிளகாய் நின்றால் கறிமிளகாய் உறைக்கும் என்பர். அவ்வாண்டுக் காயில் அதனால் மாற்றமில்லை. மகரந்தம் கலந்த விதையிலிருந்து வருஞ் செடியே உறைப்புக் காயைத் தரும். எனவே விதைச்செடியை மிளகாய்ப் பாத்திக்குத் தொலைவில் வைத்தல் வேண்டும். இயலாதாயின், பூ விரியுமுன் மெல்லிய துணிப்பையால் மூடிப் பிஞ்சு பிடித்தபின் அவிழ்த்து, அக்காம்பில் நூல் கட்டி அடையாளமிடுக. அப்பழத்தின் விதையை நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாப் போத்தலில் அடைத்து, ஆண்டைக் குறித்து வைக்கலாம்.