பென்ஷனும் பிரீமியமும்

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களின் வீட்டுக் கணக்கில் ஒரு விசித்திரத்தைக் காணலாம். வரும்படி குறைந்துவிடுகிறது, பால்காரர் கணக்கும் மளிகைக் கடைக் கணக்கும்கூட ஓரளவு சுருங்குகின்றன. வைத்திய இன்ஷூரன்ஸ் பிரீமியம் ஒன்று மட்டும் வயதோடு சேர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. உழைத்த காலத்தில் காரியாலயமே கட்டிவந்த பிரீமியத்தை, ஓய்வு பெற்ற மறுமாதமே தம் கையிலிருந்து கட்டவேண்டியவராகிறார் பலர். அந்தச் சமயத்தில்தான், "இந்தத் தொகையை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி எழுகிறது.

கழிக்கலாம் என்பதே பதில். ஆனால் அந்தப் பதிலுக்குப் பின்னால் ஓர் "ஆனால்" ஒளிந்துகொண்டிருக்கிறது. நேயர்களுக்கு அதை விளக்கிச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

இந்தச் சலுகை பிறந்தது 1986-ஆம் வருஷத்தில். ஸ்ரீ வி. பி. சிங் நிதி மந்திரியாக இருந்த அந்த வருஷத்து நிதிச் சட்டம், 1961-ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தில் 80டி என்ற பிரிவைப் புகுத்தியது. சர்க்கார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் "மெடிக்ளெய்ம்" என்ற திட்டத்தை ஆரம்பித்ததும் அதே வருஷந்தான். அப்போது கழித்துக்கொள்ள அனுமதிக்கப்பட்ட தொகை மூவாயிரம் ரூபாய். ஆஸ்பத்திரிச் செலவு ஏற ஏற இந்த வரம்பும் சிறுகச் சிறுக ஏறியது. 2015-இல் அறுபது வயது கடந்தவர்களுக்கு 30,000 ரூபாய் ஆயிற்று. 2018-இல் ஸ்ரீ அருண் ஜேட்லி அதை 50,000 ஆக்கினார். அறுபது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 25,000 ரூபாய்தான்.

தமக்கும் தம் மனைவிக்கும் கட்டுவது ஒரு வரம்பு. தாய் தந்தையருக்காகக் கட்டுவது வேறொரு வரம்பு. ஆகவே அறுபத்திரண்டு வயதில் ஓய்வு பெற்று வீட்டிலிருக்கும் ஒருவர், எண்பத்தைந்து வயதுத் தாயாருக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டினால், ஒரு லட்ச ரூபாய் வரையில் கழித்துக்கொள்ள இடமுண்டு. பெற்றோர் மகனை அண்டி வாழவேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. தந்தை சொந்த வீட்டில் சொந்தப் பென்ஷனில் வாழ்ந்தாலும், அவருக்காகக் கட்டும் மகனுக்குச் சலுகை உண்டு, மகளுக்கும் உண்டு. மாமனார் மாமியாருக்காக மருமகன் கட்டினால் மட்டும் கிடையாது. மாப்பிள்ளைமார்களைப் பற்றிச் சட்டம் இயற்றியவர்கள் என்ன அபிப்பிராயம் கொண்டிருந்தார்களோ, நாம் அறியோம். அதே தொகையை அவருடைய மனைவி தம் சம்பாத்தியத்திலிருந்து கட்டினால் ஆட்சேபம் இல்லை.

பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டியவருக்குச் சலுகை இல்லை. செக்காகவோ, பாங்கிக் கணக்கின் வழியாகவோ, கைப்பேசி மூலமாகவோ கட்டியிருக்கவேண்டும். உடல்நலப் பரிசோதனைக்காக 5,000 ரூபாய் வரையில், மேற்சொன்ன வரம்புக்குள்ளேயே, ரொக்கமாகக் கொடுத்ததையும் கணக்கில் சேர்க்கலாம். இரண்டு மூன்று வருஷங்களுக்கு மொத்தமாகக் கட்டியவர்கள் அத்தொகையை அந்த வருஷங்களுக்குப் பங்கிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

இந்தச் சட்டத்தில் நமது மனத்துக்கு மிகவும் உகந்த பகுதி ஒன்று உண்டு. அதை அறிந்தவர்கள்தான் குறைவு. நீரிழிவும் இருதய வியாதியும் உள்ள முதியவரை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஏதாவது காரணம் சொல்லித் திருப்பி அனுப்பிய காலம் நெடுநாள் நீடித்தது. அறுபத்தைந்து வயதுக்கு மேல் புதிதாகப் பாலிசி கேட்டவருக்குப் பெரும்பாலும் கதவு அடைத்தே இருந்தது. 2024-இல்தான் இன்ஷூரன்ஸ் ஒழுங்கு முறை ஆணையம் அந்த வயது வரம்பை எடுத்தது. இப்படிப் பாலிசி கிடைக்காதவர்கள் கையிலிருந்து செலவழித்த வைத்தியச் செலவையே, பிரீமியத்துக்குப் பதிலாக, 50,000 ரூபாய் வரையில் கழித்துக்கொள்ளலாம் என்று 2018-இல் சட்டம் செய்தார்கள். 2015 முதல் எண்பது வயது கடந்தவர்களுக்கு மட்டும் இருந்த இந்த உரிமை, அப்போது அறுபது வயதினர் எல்லோருக்கும் வந்தது. டாக்டர் பீஸும் மருந்துக் கடைப் பில்லும் இதில் அடங்கும். பணம் கொடுத்தது மட்டும் ரொக்கமாக இருக்கக்கூடாது. மாதாமாதம் மருந்துக்கு மூவாயிரம், நாலாயிரம் கொடுத்துவிட்டு ரசீதைக் கசக்கி எறிகிற பெரியவர்கள் எத்தனை பேர்!

இனி அந்த "ஆனால்" என்பதற்கு வருவோம். 2020-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில் ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன் புதிய வரி முறை ஒன்றைக் கொண்டுவந்தார். வரி விகிதம் குறைவு. பதிலுக்குச் சலுகைகளை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். விட்டுக்கொடுக்க வேண்டியவற்றில் வைத்திய இன்ஷூரன்ஸ் சலுகையும் ஒன்று. முதலில் விரும்பியவர்கள் மட்டும் இதில் சேரலாம் என்றிருந்தது. 2023-24 நிதியாண்டு முதல் நிலைமை தலைகீழாயிற்று. ஒருவர் வாய் திறவாமல் இருந்தால் அவர் புதிய முறையைச் சேர்ந்தவர். பழைய முறை வேண்டுமென்றால் அவரே கேட்டுப் பெறவேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரியின்மேல் பழியில்லை. கேட்காதவருக்கு வரமில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் எல்லோரும் பழைய முறையைக் கேட்டு வாங்கிவிடலாமே என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுபது வயது ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். 2025-26 நிதியாண்டில் பென்ஷன் 12 லட்சம், டிபாஸிட் வட்டி 3 லட்சம், ஆக 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் பென்ஷனுக்குரிய பொதுக் கழிவு 50,000, பிரீமியம் 50,000, வட்டிக்காக 50,000, சேமிப்புக்காக ஒன்றரை லட்சம் எல்லாவற்றையும் கழித்தபின்பும் அவர் கட்டவேண்டிய வரி 1,76,800 ரூபாய். புதிய முறையில் பொதுக் கழிவு 75,000 ஒன்றைத் தவிர வேறொன்றும் கிடையாது. வரியோ 97,500 ரூபாய்தான். பிரீமியச் சலுகையை இழந்தும் அவருக்கு 79,300 ரூபாய் மிச்சம்! அதே வருஷத்தில், பென்ஷனும் வட்டியும் பொதுக் கழிவு போக 12 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்குப் புதிய முறையில் வரியே இல்லை. வரியே இல்லாதவருக்கு வரிச் சலுகை எதற்கு?

ஆகவே பென்ஷன்தாரர்களில் பெரும்பாலோருக்கு இந்தச் சலுகை ஏட்டளவில்தான் இருக்கிறது. 2026 ஏப்ரல் முதல் தேதியை அமல் தேதியாகக் கொண்டு 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டத்திலும் இந்தச் சலுகை வேறு எண்ணோடு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் புதிய வரி முறையில் இருப்பவருக்கு அது கிடைப்பதில்லை.

இதிலிருந்து சிலர் செய்துகொள்ளும் முடிவுதான் நம்மைக் கவலையில் ஆழ்த்துகிறது. "வரியில்தான் கழிக்க முடியவில்லையே, பாலிசி எதற்கு?" என்று பிரீமியத்தை நிறுத்திவிடுகிறார்கள். இருபது வருஷம் இடைவிடாமல் கட்டிவந்த பாலிசி தவணை தவறிக் காலாவதியானால், பழைய வியாதிகளுக்குச் சம்பாதித்து வைத்திருந்த உரிமைகளும் அதோடு போய்விடும். புதிய பாலிசி கிடைத்தாலும், முன்பிருந்த வியாதிக்கு மூன்று வருஷம் வரையில் காத்திருக்கும்படி கம்பெனி சொல்லலாம். எழுபது வயதில் மூன்று வருஷம் என்பது சின்ன விஷயமா? வரியில் பத்தாயிரம் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் ஐந்து லட்ச ரூபாய்ப் பாதுகாப்பைத் தூக்கி எறிவது விவேகமாகாது.

சலுகை தந்தைக்குப் பயன்படாவிட்டால் மகனுக்குப் பயன்படுமா என்று பார்ப்பதே மேல். வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப் படியும் கணிசமாக உள்ள மகனோ மகளோ பழைய முறையிலேயே இருந்தால், பெற்றோருக்காகக் கட்டும் 50,000 ரூபாய்ப் பிரீமியத்தால், நூற்றுக்கு முப்பது விகிதம் கட்டுகிறவருக்கு, மேல்வரி உட்பட 15,600 ரூபாய் குறையும். இருபது விகிதத்தில் 10,400. ஆனால் பணம் மகன் கணக்கிலிருந்தே போயிருக்கவேண்டும். அப்பா கட்டிவிட்டு ரசீதை மகனுக்கு அனுப்புவது செல்லாது. இருவரும் ஆளுக்குப் பாதி கட்டினால், கட்டிய அளவுக்கு அவரவர் கழித்துக்கொள்ளலாம். பிள்ளையிடம் பணம் வாங்கக் கூச்சப்படும் தகப்பனார்கள் நம்மிடையே அநேகர். சர்க்காருக்குப் போகிற பணத்தில் ஒரு பங்கு குடும்பத்திலேயே தங்குகிறது என்று எடுத்துச் சொன்னால் அந்தக் கூச்சம் சற்றுத் தணியலாம்.

வருமான வரி கட்டுமளவுக்கு வரும்படி இல்லாத முதியவருக்கு 1986 முதல் இந்தப் பிரிவினால் ஒரு காசும் கிடைத்ததில்லை. பணம் படைத்தவருக்கு அதிகமும், இல்லாதவருக்கு ஒன்றுமில்லாமலும் போவது இத்தகைய கழிவுகளின் சுபாவம். அவரோ பிரீமியத்தின்மேல் நூற்றுக்குப் பதினெட்டு வீதம் சரக்கு சேவை வரி மட்டும் தவறாமல் கட்டிவந்தார்; 30,000 ரூபாய்ப் பிரீமியத்துக்கு 5,400 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் தனிமனிதர்களும் குடும்பங்களும் எடுக்கும் வைத்தியப் பாலிசிகளுக்கு அந்த வரி நீக்கப்பட்டது. எல்லா முதியவர்களுக்கும் ஒன்றுபோல் எட்டிய உதவி இதுதான் என்று நாம் கருதுகிறோம். ஓய்வு பெற்றவர்களுக்காகச் சங்கங்களும் பழைய முதலாளிகளும் மொத்தமாக எடுக்கும் குழுப் பாலிசிகளை மட்டும் அந்த விலக்கில் சேர்க்காமல் விட்டதற்கு என்ன நியாயம் என்பது விளங்கவில்லை.

பழைய முறைதான் லாபம் என்று கணக்கில் கண்டவர்கள் ஒரு தேதியை நினைவில் வைக்கவேண்டும். வியாபார வருமானம் இல்லாதவர் வருஷாவருஷம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். ஆனால் குறித்த கெடுவுக்குள், சாதாரணமாக ஜூலை 31-க்குள், கணக்கைத் தாக்கல் செய்தால்தான் பழைய முறையைக் கேட்க முடியும். கெடு தாண்டித் தாக்கல் செய்கிறவருக்கு அந்த வருஷத்துக்குப் புதிய முறைதான். அவர் கையில் எத்தனை ரசீதுகள் இருந்தாலும் சரி.