‘உன்கூட டூ!’ - வகுப்பறைக் கோஷ்டிகளை டீச்சர் எப்படிச் சமாளிக்கலாம்?

‘‘அம்மா, வயிறு வலிக்குது... இன்னிக்கு ஸ்கூல் வேணாம்மா!’’

திங்கட்கிழமை தவறாமல் இந்த வலி வருகிறதா? டாக்டர் பரிசோதித்துவிட்டு, ‘ஒண்ணுமில்லை’ என்று அனுப்பிவிட்டாரா? நடிப்பு என்று அதட்டாதீர்கள். வலி நிஜம்தான். பயமும் கவலையும் குழந்தைகளுக்கு வயிற்றுவலியாக, தலைவலியாக வரும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேளுங்கள். ‘‘என்கூட யாருமே சேர மாட்டேங்கறாங்கம்மா’’ என்று விஷயம் வெளியே வரும்.

அடித்தால் காயம் தெரியும். ‘அவகூடப் பேசினா நீ நம்ம செட் இல்ல’ என்று நாலு பேர் கூடி ஒதுக்கினால், டீச்சர் கண்ணுக்குக்கூடத் தெரியாது.

திட்டினால் தீருமா?

இரண்டு பேரையும் வகுப்பு நடுவில் நிறுத்தி, ‘ஸாரி சொல்லு, கை கொடு’ என்பதுதான் பல டீச்சர்கள் செய்வது. மணி அடித்ததும், ‘மிஸ்கிட்ட கோள் சொன்னியா?’ என்று தொல்லை இரட்டிப்பாகும்!

அமெரிக்காவில் ஒரு வழி

டெக்ஸாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில், 1971-ல் வெள்ளை, கறுப்பு, மெக்ஸிகோ வம்சாவளிக் குழந்தைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டார்கள். தினமும் சண்டை. மனோதத்துவப் பேராசிரியர் எலியட் ஆரன்சனைக் கூப்பிட்டார்கள். அவர் யாருக்கும் புத்திமதி சொல்லவில்லை. பாடம் நடத்தும் முறையை மாற்றினார்.

ஐந்தாறு பேர் கொண்ட குழுக்கள். எல்லாக் குழுவிலும் எல்லாத் தரப்புக் குழந்தைகளும் உண்டு. பாடத்தைத் துண்டு போட்டு ஆளுக்கு ஒன்று. தன் துண்டைப் படித்து அவரவர் மற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். பிறகு முழுப் பாடத்திலும் டெஸ்ட்! திக்கித் திணறிப் பேசிய ஒரு பையனை முதலில் கேலி செய்தார்கள். அவனிடம் இருக்கும் துண்டு கிடைக்காவிட்டால் தங்கள் மார்க்தான் போகும் என்று புரிந்ததும், பொறுமையாகக் கேள்வி கேட்டு அவனைப் பேச வைத்தார்கள். சில வாரங்களில் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. ‘ஜிக்ஸா வகுப்பறை’ என்று இதற்குப் பெயர்.

நம் டீச்சர்களும் செய்யலாம்

* ‘உங்களுக்குள்ளேயே டீம் பிரிச்சுக்குங்க’ என்று விடாதீர்கள். கடைசியில் மிஞ்சி நிற்பது எப்போதும் ஒரே குழந்தைதான். நீங்களே பிரியுங்கள்.

* மாதம் ஒருமுறை பெஞ்ச் மாற்றுங்கள்.

* தொல்லை கொடுப்பவரையும் படுபவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். மிரட்டல், அடி என்று போனால் தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே சொல்லுங்கள்.

* வேடிக்கை பார்ப்பவர்களை மறக்காதீர்கள். அவர்கள் சிரிக்காவிட்டால் கேலிக்கு ருசி போய்விடும். இரக்க குணமுள்ள ஒருவரிடம், ‘நாளைக்கு அவளையும் டிபன் சாப்பிடக் கூப்பிடேன்’ என்று காதோடு சொல்லுங்கள்.

பெற்றோரே, பள்ளிக்குப் போய்ச் சண்டை போடாதீர்கள். என்றைக்கு, எங்கே, என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டு டீச்சரைத் தனியாகப் பாருங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் போய் விசாரியுங்கள். இடையில் குழந்தையிடம், ‘எத்தனை மார்க்?’ என்பதோடு, ‘இன்னிக்கு யார்கூடச் சாப்பிட்டே?’ என்றும் கேளுங்கள். பதிலாக ஒரு பெயர் வந்தால், பாதி வைத்தியம் முடிந்த மாதிரி!