காரணம் கேட்காதீர்கள்!

என் மாமியாருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்ததும், பார்க்க வந்தவர்கள் முதலில் கேட்டது, "புகையிலைப் பழக்கம் உண்டோ?" என்பதுதான். பாவம், வெற்றிலைகூடப் போடாதவர். நாற்பது வருஷம் ஊதாங்குழலும் விறகடுப்புமாக இருந்தவர். அடுப்புப் புகையாலும் இந்த நோய் வரலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான், தலைநிமிர்ந்து பேச ஆரம்பித்தார்.

ஸ்ரீரங்கத்திலிருந்து அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். நம்ம பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் தொடங்கியது அது. அங்கே பெஞ்சில் காத்திருந்த பெண்களோடு பேசியதே பாதி மருந்து. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் ரயில் கட்டணம் 100 சதவீதம், துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்க வேண்டும் என்பதும் அங்கே ஒரு அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

தோழிகளே, இப்படி ஒரு வீட்டுக்குப் போனால் காரணம் கேட்காதீர்கள். ஒரு தூக்கில் ரசம் சாதம் கொண்டு போங்கள். "நான் பார்த்துக்கறேன், நீ கொஞ்சம் கண்ணசரு" என்று அந்த வீட்டு மருமகளிடம் சொல்லுங்கள். எங்கள் எதிர்வீட்டு மாமி அப்படிச் சொன்ன நாளில்தான் நான் தூங்கினேன்.

- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்