ஆலை சர்வருக்கு எந்த லினக்ஸ்?

2011 செப்டம்பர் 15ஆம் நாள், திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோசுடன் ‘பாஸ்’ என்னும் லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. வீட்டில் அண்ணன், அக்கா இருந்தால் கேட்டுப் பாருங்கள். அதைத் திறந்தே பார்க்காதவர்களும் இருப்பார்கள்! டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் மையம் உருவாக்கியது அது.

காக்களூரைப் போலவே கும்மிடிப்பூண்டியிலும் தொழிற்பேட்டை உண்டு. அங்கே ஓர் ஆலை புதிதாக சர்வர் வைக்கிறது என்று கொள்வோம். சர்வர் என்றதும் ஓட்டல் நினைவுக்கு வருகிறதா? தவறில்லை. பல மேசைக்காரர்கள் கேட்பதை ஒருவரே கொண்டுவந்து தருகிறார் அல்லவா? அதுபோல, பல கணிப்பொறிகள் கேட்கும் கோப்புகளை ஒரு கணிப்பொறி எடுத்துத் தருகிறது. இதற்கு இரவிலும் ஓய்வில்லை.

ஒரே நேரத்தில் பலருக்கு வேலை செய்வது யுனிக்ஸின் குணம். அது 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. அதைப் பின்பற்றி 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியதே லினக்ஸ். அதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆகவே வகைகள் பெருகிவிட்டன. எதை எடுப்பது?

வேகத்தைப் பார்த்து எடுப்பவர்கள் உண்டு. எனக்கு அது இரண்டாம் பட்சம். எந்த இயங்குதளத்திலும் நாளடைவில் ஓட்டைகள் தெரியவரும். வலையில் இணைந்த சர்வரில் அவற்றை உடனே அடைக்காவிட்டால் திருடன் நுழைவான். எனவே, அடைப்பதற்கான திருத்தங்கள் எத்தனை ஆண்டு வரும் என்பதே முதல் கேள்வி.

சென்ட் ஓஎஸ் கதையைக் கேளுங்கள். சர்வர்களில் பெயர்பெற்ற இலவச லினக்ஸ் அது. அதன் 8ஆம் பதிப்புக்கு 2029 வரை திருத்தங்கள் வரும் என்று நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில், அடுத்த ஆண்டு முடிவோடு நிறுத்தம் என்று அறிவிப்பு வந்தது! நம்பியவர்கள் வேறு இயங்குதளத்துக்கு மாற வேண்டியதாயிற்று. நிரல் திறந்திருந்ததால், ராக்கி, அல்மா என்ற மாற்றுகள் 2021இல் வெளிவந்தன.

டெபியன் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமல்ல. 1993 முதல் தன்னார்வலர்கள் வளர்ப்பது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டு திருத்தங்கள் கிடைக்கும். பாஸ் பழகியவருக்கு அது அந்நியமும் அல்ல. நள்ளிரவில் சர்வர் நின்றால், ஓடிவந்து பார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டுமே! ஆகவே என் ஓட்டு டெபியனுக்கு.

பள்ளியில் பழைய 64-பிட் கணிப்பொறி சும்மா கிடந்தால், ஆசிரியர் துணையோடு நிறுவிப் பாருங்கள். படத்திரை வேண்டாம் என்று தேர்ந்தெடுத்தால் 1 ஜிபி நினைவகமே போதும். ஆனால் வன்தட்டிலுள்ள கோப்புகளை முதலில் நகலெடுத்துவிடுங்கள். நிறுவும்போது அவை அழிந்துபோகும்.