பின் சக்கரம் செய்யும் வில்லங்கம்

சொந்தமாகக் கார் கட்ட நினைப்பவர்களுக்குச் சென்னையில் பிறந்த ஹெரால்டு வைத்திருக்கும் பாடம்

மைசூரிலிருந்து மசினகுடி, கல்லட்டி வழியாக உதகைக்கு ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். காரின் பின் சக்கரங்களை நம்பலாமா என்பது அங்கே தெரிந்துவிடும். ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961 முதல் 1996 வரை மோட்டார் சைக்கிள்களை உருவாக்கிய ஊர் மைசூர். ஆனால் இரு சக்கர வாகனத்துக்கு இல்லாத ஒரு தலைவலி காருக்கு உண்டு: பின் சக்கரங்களைச் சேர்த்துக் கட்டுவதா, தனித்தனியே விடுவதா?

உதிரிகளை வாங்கி வீட்டிலேயே கார் கட்டுவது பிரிட்டனில் பழைய பொழுதுபோக்கு. 1957ல் வந்த லோட்டஸ் செவன் உதிரிகளாகவும் விற்கப்பட்டது. அப்படி வாங்கினால் கொள்முதல் வரி மிச்சம். அந்த ரசிகர்களுக்கு டிரயம்ப் ஹெரால்டும் பிடித்தமானது. அதற்குத் தனிச் சேஸி என்பதால் பழைய கூட்டைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். இதே காரைத்தான் 1960களில் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’ என்று தயாரித்தது.

அம்பாசடரிலும் ஃபியட்டிலும் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே அச்சு பிணைத்திருந்தது. ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சாயும். ஹெரால்டில் டிஃபரென்ஷியல் சேஸியோடு நின்றுவிடும். அதன் இருபுறமும் அரை அச்சுகள் சிறகுபோல மேலும் கீழும் அசையும். மேலே குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் சுகமான ஏற்பாடுதான்.

வில்லங்கம் வளைவில் இருந்தது. வேகமாகத் திரும்பும்போது ஓட்டுபவர் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று விட்டால் காரின் பின்பகுதி எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் அடியில் மடங்கும். டயரின் பிடி நழுவி, கார் சுழன்றுவிடும்.

டிரயம்ப் இதற்கு இரண்டு வைத்தியம் செய்தது. 1968ல் ஜிடி6 மார்க் 2 காரில் கீழே ஒரு தாங்கு கையைச் சேர்த்துச் சக்கரத்தை நிமிர்த்தியது. 1970ல் ஸ்பிட்ஃபயரில் ஸ்பிரிங் பட்டைகளில் பெரும்பாலானவற்றை இறுகப் பூட்டாமல் நடுவில் அசைய விட்டது. சென்னை எடுத்த முடிவு வேறு. 1970களில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல், எந்த ஊர் மெக்கானிக்குக்கும் பழகிய ஒற்றை அச்சுக்கே திரும்பியது.

இன்று கார் கட்டுபவருக்கு மேலும் கீழும் இரட்டைக் கைகள் கொண்ட ‘டபுள் விஷ்போன்’ அமைப்பு உண்டு. சக்கரத்தை நிமிர்த்தி வைப்பதில் அது கெட்டிக்காரத்தனமானது. ஆனால் சேஸியில் கைகளைப் பொருத்தும் இடம் சில மில்லிமீட்டர் பிசகினாலும் சக்கரம் தன் போக்கில் திரும்பும். வெல்டிங்கில் அந்தத் துல்லியம் கைவராதவர்களுக்கு ஒழுங்காகப் பொருத்திய ஒற்றை அச்சே மேல். தப்பாகக் கட்டிய தனிச் சக்கரம் உயிருக்கு உலை வைத்துவிடும்.

அதையும் சரியாகச் செய்துவிட்டால்? 1988ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு காத்திருக்கிறது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 36 வளைவுகளில் பிழைத்து வரும் காருக்கும் ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் 37வது வளைவு ஒன்று இருக்கிறது.