அரண்மனை ஆற்றுப்படை

பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனை நோக்கி, நீயும் சென்று பெறுவாயாக என வழிப்படுத்துவதே அவற்றின் பொருள். கூத்தர், பாணர், பொருநர், விறலியர் ஆகியோரை இத்துறைக்கு உரியவராகத் தொல்காப்பியர் குறித்துள்ளார். இப்பாட்டுகளை வகுப்பறையில் நடத்துங்கால் புரவலனின் கொடைச் சிறப்பையே நாம் விரித்துரைக்கின்றோம். புலவரோ வழிக்கும் பெரும்பங்கு இடம் தந்துள்ளார். நெய்தல், முல்லை, மருதம் என நிலந்தோறும் எவ்வூரில் எவ்வுணவு கிட்டும் என்பதைச் சிறுபாணாற்றுப்படை கூறுகின்றது. மலைவழியில் நேரக்கூடிய இடர்களை முன்கூட்டியே சொல்லி எச்சரிக்கின்றது மலைபடுகடாம். வழியறியாதவன் வள்ளலை அடையான் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர்.

இக்கட்டுரையும் ஓர் ஆற்றுப்படையே. பரிசில் தரும் மன்னன் இன்று இல்லை. அவன் வாழ்ந்த அரண்மனை உண்டு. திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள தஞ்சை அரண்மனைக்கு, மாணவர் தாமே திட்டமிட்டுத் தொடர்வண்டியில் சென்று மாலையில் மீளுதல் எங்ஙனம் என்பதே இதன் பொருள்.

தாமே செல்லல் எதற்கு?

கல்விச் சுற்றுலா ஆண்டுதோறும் நடைபெறத்தானே செய்கின்றது, தனியே செல்வானேன் என மாணவர் வினவலாம். அதற்கு விடை நம் பட்டறிவிலேயே உண்டு. சில ஆண்டுகட்கு முன் பேருந்து அமர்த்தி ஒரே நாளில் ஆறு இடங்களைக் காட்டித் திரும்பினோம். அரண்மனைக்குக் கிடைத்தது முக்கால் மணி நேரம். மறுவாரம் பயணக் கட்டுரை எழுதச் சொன்னபோது, பெரும்பாலோர் ஒன்றையே எழுதியிருந்தனர்: தரங்கம்பாடிக் கடற்கரையில் ஒதுங்கி, பின்னர் அரண்மனையில் காட்சிக்கு வைக்கப்பட்ட திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. நாயக்கரும் மராட்டியரும் கட்டிக் காத்த மாளிகையில், தமிழ் இலக்கியம் பயிலும் மாணவர் நெஞ்சில் நின்றது அவ்வெலும்புக்கூடு ஒன்றுதான்! பிழை அவர்களுடையதன்று. வழி முழுதும் நாம் அழைத்துச் சென்றோம். அவர்கள் உடன் வந்தனர். தாமே தேடாத ஒன்று கண்ணில் படலாம், கருத்தில் பதிவதில்லை.

முதற்கண் ஒரு வினா

திட்டமிடுதல் கால அட்டவணையிலிருந்து தொடங்குவதன்று, வினாவிலிருந்து தொடங்குவது. அங்கே எதனைக் காண விழைகின்றோம் என ஒரு தாளில் ஒரே தொடரில் எழுதிக்கொள்ளல் வேண்டும்.

தஞ்சை அரண்மனை ஓர் அரசனின் ஆக்கமன்று. பதினாறாம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் தொடங்கிய கட்டடப் பணி அம்மரபினர் ஆட்சியிலேயே பெருகியது. 1673-இல் விஜயராகவ நாயக்கரின் வீழ்ச்சியோடு அவ்வாட்சி முடிவுற, சில ஆண்டுகளில் மராட்டியர் ஆட்சி நிலைபெற்றது. 1855-இல் நேரடி ஆண் வாரிசு இன்றி இரண்டாம் சிவாஜி மறைந்தபின், ஆங்கிலேயக் கும்பினி அரசுரிமையைத் தன்வயப்படுத்தியது. ஆகவே ஒரே வளாகத்துள் இருவேறு மரபினரின் மண்டபங்களும் கோபுரங்களும் அடுத்தடுத்து நிற்கின்றன. அனைத்தையும் ஒரே நாளில் அறிந்துவிட முயல்வோர் எதனையும் அறியார்.

தமிழ் மாணவர்க்கு நாம் பரிந்துரைப்பது சுவடி பற்றிய வினா: ஓர் அரண்மனைக்குள் இத்தனை நூல்கள் எவ்வாறு வந்து சேர்ந்தன? நாயக்கர் காலத்தில் சரசுவதி பண்டாரம் என வழங்கிய ஏட்டுத் தொகுதியே சரசுவதி மகால் நூலகமாக வளர்ந்தது. 1798 முதல் 1832 வரை ஆட்சிப் பட்டத்தில் இருந்த இரண்டாம் சரபோஜி அதனைப் பெருக்கினார். நாட்டின் ஆட்சி அதிகாரம் பெரும்பாலும் கும்பினியார் கைக்குச் சென்றுவிட்ட நிலையில், அவர் கைக்கெட்டிய அரசு நூல்களின் அரசாயிற்று எனலாம். காசி யாத்திரையின்போதும் சுவடிகளைத் திரட்டினார். தேவநாகரி எழுத்தில் நூல் வெளியிட அச்சுக்கூடம் நிறுவினார். மருத்துவ முறைகளைத் தொகுப்பித்தார். அவர் பெயரால் அமைந்த சரபேந்திர வைத்திய நூல்களை இந்நூலகமே பிற்காலத்தில் பதிப்பித்துள்ளது. சுவடிகளுள் பெரும்பகுதி வடமொழி சார்ந்தவை. தமிழ்ச் சுவடிகள் ஏறத்தாழ 3,500. மராத்தி, தெலுங்குச் சுவடிகளோடு, சிறு எண்ணிக்கையில் பாரசீக, உருதுச் சுவடிகளும் உள்ளன. 1918-இல் இந்நூலகம் பொதுமக்களுக்கு உரியதாயிற்று. இத்துணையும் படித்தறிந்து செல்பவர்க்கு, கண்ணாடிப் பேழையுள் இருக்கும் ஓலை வெறும் ஓலையாய்த் தோன்றாது.

நாள் குறித்தல்

இங்கு நம் பிழையொன்றை மறையாது கூறுதல் தகும். முதன்முறை நாமும் நண்பரிருவரும் சென்றது ஒரு புதன்கிழமை. கல்லூரிக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் அந்நாளைத் தேர்ந்தோம். கலைக்கூடம் திறந்திருந்தது, தர்பார் மண்டபம் திறந்திருந்தது. எதனைக் காணச் சென்றோமோ அந்த நூலக அருங்காட்சியகத்தின் கதவு பூட்டியிருந்தது. அதற்கு அன்று வார விடுமுறை. நமக்கு விடுமுறை நாள் எது என்று பார்த்தோமேயன்றி, அதற்கு எது என்று வினவினோமில்லை.

அன்று கற்ற பாடம் இது: அரண்மனை ஒன்றாயினும் அதனுள் இயங்கும் அமைப்புகள் பல. கலைக்கூடம், நூலக அருங்காட்சியகம், தர்பார் மண்டபம் ஆகியவற்றிற்கு நுழைவுச்சீட்டும் வேறு, திறக்கும் நேரமும் வேறு. நண்பகல் இடைவேளையும் உண்டு. ஆதலின் ஒவ்வொன்றின் விடுமுறை நாளையும் நேரத்தையும் முன்னதாகத் தொலைபேசியில் கேட்டுக் குறித்துக்கொள்க. அருங்காட்சியகத்தைக் காண்பது வேறு. சுவடியை எடுத்துப் படிப்பது வேறு என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆய்வுக்காகச் செல்வோர் துறைத்தலைவரின் அறிமுகக் கடிதத்தோடு முன்னரே தொடர்பு கொள்ளுதல் நலம்.

வண்டி

நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் தஞ்சை வழியாக இணைக்கும் இருப்புப்பாதை 1861-62 ஆண்டுகளில் அமைக்கப்பட்டது. தென்னகத்தின் பழம்பெரும் பாதைகளுள் ஒன்று அது. இன்று மயிலாடுதுறை, காரைக்கால், நாகப்பட்டினம் முதலிய ஊர்களை நோக்கிச் செல்லும் வண்டிகள் பல தஞ்சையில் நின்று செல்கின்றன. பயணம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். எல்லா நிலையங்களிலும் நின்று செல்லும் வண்டியாயின் சற்றுக் கூடும்.

முதலில் பார்க்கவேண்டுவது செல்லும் வண்டியை அன்று, திரும்பும் வண்டியை. மாலையில் எவ்வண்டியில் மீள்வது, அது தவறின் அடுத்தது எது என இரண்டையும் எழுதிக்கொண்ட பின்னரே, காலை வண்டியைத் தெரிவு செய்க. நேரங்கள் மாறுவன, ஆதலின் முந்தின நாள் மீண்டும் ஒருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

இக்குறுந்தொலைவிற்கு முன்பதிவு தேவையில்லை. பொதுப்பெட்டிச் சீட்டை நிலையத்தில் வரிசையில் நின்றும் பெறலாம். கைப்பேசிச் செயலி வழியாகவும் பெறலாம். இரண்டு செய்திகள் மட்டும் கருதத்தக்கவை. சாதாரண வண்டிக்கு வாங்கிய சீட்டைக் கொண்டு விரைவு வண்டியில் ஏறுதல் கூடாது. குறுந்தொலைவுச் சீட்டு நாள் முழுதும் செல்லுபடியாவதன்று. பெற்றபின் குறித்த நேரத்துள் பயணத்தைத் தொடங்கிவிடல் வேண்டும். இவற்றை அறியாது தண்டம் செலுத்திய மாணவர் உண்டு.

வண்டியில் அமர்ந்ததும் கைப்பேசியில் ஆழ்ந்துவிடாமல் வெளியே நோக்குக. திருவெறும்பூர் கடந்து பூதலூரை நெருங்குங்கால் காவிரி பாயும் நாட்டின் வயல்கள் விரியும். கரிகாலனைப் பாடிய பொருநராற்றுப்படை காவிரி நாட்டு வளத்தையும் பாடுகின்றது. அப்பாட்டுக்கு இதனினும் சிறந்த உரை வேறு வேண்டுவதில்லை.

அரண்மனையுள்

தஞ்சை நிலையத்திலிருந்து அரண்மனை ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். காந்திஜி சாலை வழியே கல்லணைக் கால்வாயைக் கடந்து, பழைய பேருந்து நிலையத்தை ஒட்டிச் சென்று கீழராஜ வீதியை அடையலாம். காலை வெயில் ஏறுமுன் நடந்தே செல்லலாம். முதியோர் உடன் வரின் ஆட்டோ உண்டு. சில்லறையும், தண்ணீரும், குறிப்பேடும் கையிலிருத்தல் நன்று.

காலைப் பொழுதை நூலக அருங்காட்சியகத்திற்கு ஒதுக்குக. மனம் களைப்புறாத வேளையில் எழுத்தைக் காணவேண்டும். ஓர் ஓலையில் எத்தனை வரிகள், புள்ளி இடப்பட்டுள்ளதா, சொற்களுக்கிடையே இடைவெளி உண்டா எனப் பார்த்து எழுதுக. பாடவேறுபாடு ஏன் தோன்றுகின்றது என்று நாம் வகுப்பில் ஒரு மணி நேரம் விளக்குவதை அவ்வோலை ஒரு நொடியில் விளக்கிவிடும்.

உணவுக்குப்பின் 1951-இல் நிறுவப்பெற்ற கலைக்கூடம். அங்கே நூறு படிமங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஒன்றன்முன் கால்மணி நேரம் நிற்றல் மேல். திருவெண்காட்டிலிருந்து வந்த, பதினோராம் நூற்றாண்டைச் சார்ந்த இடபவாகனர் செப்புத் திருமேனியை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். காளையின்மீது சாய்ந்து ஊன்றிய நிலையில் கை அமைந்திருக்கும், காளை அங்கில்லை. ஆயினும் சற்றுநேரம் நோக்குபவர் அக்காளையையும் கண்டுவிடுகின்றார். சோழர் காலத்துக் கலைஞனின் திறம் அது.

பின்னர் வண்ணம் தீட்டிய தூண்களையுடைய மராட்டியர் தர்பார் மண்டபம். நேரமிருப்பின் சங்கீத மகால். அருகிலேயே பெரிய கோயில் இருக்கின்றதே, அதனையும் பார்த்துவிடலாமே என்னும் ஆசை இவ்வேளையில் எழும். அதற்கு இணங்கற்க. ஆயிரம் ஆண்டு கடந்து நிற்கும் அக்கற்றளிக்கு வேறொரு நாளைத் தருதலே அதற்கு நாம் செய்யும் மரியாதை.

ஒரு தாளின் கதை

இக்கருத்தை வகுப்பில் கூறியபோது, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த மாணவி ஒருவர் தயங்கி எழுந்து, "அத்தா விடமாட்டார்கள், ஐயா" என்றார். கேட்பதற்குமுன் திட்டத்தை எழுதிக் காட்டுக என்று மட்டும் சொன்னோம். உடன் செல்லும் தோழியர் மூவர் பெயர், செல்லும் வண்டி, மீளும் வண்டி, அது தவறின் அடுத்த வண்டி, உணவுக்குரிய இடம், ஆளுக்கு ஆகும் செலவு, எதற்காகச் செல்கின்றோம் என்பதற்கு ஒரு பத்தி ஆகிய அனைத்தையும் ஒரே தாளில் எழுதினார். இரு நாள் கழித்து அவர்தம் தந்தையார் கல்லூரிக்கே வந்துவிட்டார். மறுக்க வந்தாரோ என அஞ்சினோம். தாளை மேசைமேல் வைத்து, "இருபது வருஷமா வியாபாரத்துக்குத் தஞ்சாவூர் போய் வர்றேன் சார். ஒரு நாளும் திரும்புற வண்டியைப் பார்த்துவிட்டுப் போனதில்லை," என்றார். இசைவு கிடைத்தது.

மாணவியர் நால்வரும் சென்று, எழுதியபடியே மாலை வண்டியில் மீண்டனர். அம்மாணவி கொணர்ந்த பயணக் கட்டுரையில் திமிங்கிலம் இல்லை. புள்ளியிடாத ஓலை எழுத்தை எங்ஙனம் படித்திருப்பர் என்னும் வினா ஒன்றிருந்தது. அவ்வினாவே பின்னாளில் அவரைச் சுவடியியல் பயிலச் செய்தது.

அவர் தந்தையார் கீழராஜ வீதி வழியே இருபது ஆண்டுகள் சரக்கெடுக்கச் சென்றவர். அரண்மனையின் உட்புறம் கண்டவரல்லர். அடுத்த திங்களில் ஒரு சனிக்கிழமை இருவருமாகச் சென்று வந்தனர். அந்நாளுக்குரிய திட்டத்தையும், திரும்பும் வண்டி முதலாக, மகளே எழுதித் தந்தையார் கையில் கொடுத்தார்.